கழிவுநீர் அதிகாரி வீட்டில் தண்ணீர் தேங்கிய வரலாறு

அரசாங்க உத்தியோகஸ்தர்களுக்கு மனச்சாட்சி உண்டா என்று பொதுமக்கள் அவ்வப்போது கேட்பதுண்டு. குலசேகரத்துக்கு உண்டு. அவர் வீட்டில் நடந்த அத்தனை அனர்த்தத்துக்கும் அதுதான் காரணம்.

பினாங்கில், பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்ளக்கூடிய ஓர் இலாகா இருந்தது. அரசாங்க வீடுகளில் எது உடைந்தாலும், ஒழுகினாலும், அடைத்துக்கொண்டாலும் அதைக் கவனிப்பது அதன் கடமை. கவனிப்பது என்றால் சரிசெய்வது என்று பொதுமக்கள் தவறாக எண்ணிக்கொண்டிருந்தார்கள். இலாகாவில் மூன்று பிரிவுகள். வீட்டுக்குள் வரும் தண்ணீருக்கு ஒன்று, மின்சாரத்துக்கு ஒன்று, வீட்டை விட்டு வெளியே போகும் தண்ணீருக்கு ஒன்று. உள்ளே வந்துவிட்டு வெளியே போகாமல் நின்றுவிடும் தண்ணீரைப் பற்றி இலாகாவை உருவாக்கியவர்கள் யோசித்துப் பார்க்கவில்லை.

குலசேகரம் மூன்றாவதான கழிவுநீர்ப் பிரிவின் அதிகாரி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தவரின் மகன். அவர் மேசைக்கு வந்த விண்ணப்பம் எதுவும் வரிசை தாண்டிப் போனதில்லை. பெரிய மனிதர் வீடு என்று முன்னே போனதுமில்லை. நாற்றம் தாங்கவில்லை என்று முன்னே போனதுமில்லை. அவ்வளவு நேர்மை.

எண்பதுகளின் தொடக்கத்தில் அவருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. அதோடு வெஸ்டர்ன் ரோட்டுப் பக்கம் பெரிய குவார்ட்டர்ஸ் ஒன்றும் கிடைத்தது. முன்பு அதில் இருந்தவர் டென்மார்க்கிலிருந்து வந்த ஓர் ஆலோசகர். ஊருக்குத் திரும்பும்போது அவர் இரண்டை விட்டுவிட்டுப் போனார்: இலாகாவுக்கு நிறைய ஆலோசனை, சமையலறையில் ஒரு பாத்திரம் கழுவும் இயந்திரம். ஆலோசனையை இலாகா அலமாரியில் வைத்துப் பூட்டியது. இயந்திரத்தின் மேல் எண் எழுதி ஒட்டி, வீட்டோடு சேர்ந்த அரசாங்கச் சொத்தாக்கியது.

குலசேகரத்தின் மனைவி தவமணி கல்யாணத்துக்கு முன்பு பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் டீச்சர். இயந்திரத்தோடு வந்த கையேட்டை ஒரே மூச்சில் படித்து முடித்து, தட்டுகளை அடுக்கி, தூளைப் போட்டு, கதவைச் சாத்திப் பொத்தானை அழுத்தினாள். உள்ளே மழை பெய்வது போலச் சத்தம் கேட்டது. தட்டுகள் பளபளவென்று வெளியே வந்தன.

செய்தி தண்ணீர்மலைக் கோயில் வரைக்கும் போயிற்று. வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் பெண்கள் நேரே தவமணியின் சமையலறைக்கு வரத் தொடங்கினார்கள். இயந்திரத்துக்கு எதிரே நாற்காலிகள் போடப்பட்டன. அது ஓடி முடியும்வரை யாரும் பேசுவதில்லை.

"சாமி சன்னிதியில நிக்கிற மாதிரியே இருக்குக்கா," என்று பக்கத்து வீட்டு ருக்குமணி மெதுவாகச் சொன்னாள். சன்னிதியில் அவள் வாயை மூடி யாரும் பார்த்ததில்லை.

சில மாதம் இப்படிப் போயிற்று. பிறகு ஒருநாள் இயந்திரம் முனகியது, இருமியது, நின்றுவிட்டது. தவமணி கதவைத் திறந்தாள். அடியில் மஞ்சள் நிறத்தில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. அதன்மேல் ஒரு கறிவேப்பிலை அமைதியாக மிதந்துகொண்டிருந்தது. தட்டுகளில் குழம்பு இருந்த இடத்திலேயே இருந்தது.

தவமணி கையேட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"இஞ்சாருங்கோ, இதிலை போட்டிருக்குது. அடியிலை ஒரு வடிகட்டி இருக்காம். இடப்பக்கம் திருப்பினால் கழண்டு வருமாம். கிழமைக்கு ஒருக்கால் கழுவ வேணுமாம். நாங்கள் ஒருநாளும் கழுவேல்லை."

குலசேகரம் பத்திரிகையைக் கீழே வைத்தார். "ஆர் கழுவ வேணுமெண்டு போட்டிருக்குது?"

"மெஷினைப் பாவிக்கிறவர் எண்டு போட்டிருக்குது."

"பாவிக்கிறவர் ஆர்?"

"நான்தான்."

"நீர் இல்லை, தவமணி. இது அரசாங்கத்தின்ரை சாமான். நாங்கள் இந்த வீட்டிலை இருக்கிறம், அவ்வளவுதான். பாவிக்கிறது அரசாங்கம்."

"அப்ப அரசாங்கத்தை வந்து கழுவச் சொல்லுங்கோ."

"சொல்லத்தான் போறன்," என்றார் குலசேகரம். அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை. அவர் வேடிக்கையாக எதையும் சொல்வதில்லை.

விண்ணப்பம் போயிற்று. சில வாரம் கழித்துத் தண்ணீர்ப் பிரிவிலிருந்து பக்கிரிசாமியும் மின்சாரப் பிரிவிலிருந்து சந்திரசேகரனும் தற்செயலாக ஒரே நாளில் வந்து சேர்ந்தார்கள். இருவரும் கெப்பாலா பத்தாசிலிருந்து மாற்றலாகி வந்து அதிக நாளாகவில்லை. யார் வீடு என்றும் அவர்களுக்குத் தெரியாது.

பக்கிரிசாமி குழாயைத் திறந்து பார்த்தார். "தண்ணி உள்ள வருதாக்கா?"

"வருது."

"அப்ப நம்ம வேலை முடிஞ்சிருச்சு."

சந்திரசேகரன் பொத்தானை அழுத்தினார். சிவப்பு விளக்கு எரிந்தது. "லைட் எரியுது. கரண்டு நல்லா இருக்கு. நம்ம பக்கமும் கிளியர்."

"தண்ணி வெளியிலை போகேல்லையே, தம்பி!"

"வெளிய போற தண்ணி கழிவுநீர்ப் பிரிவோட வேலை, அக்கா," என்றார் பக்கிரிசாமி. அவர் முகத்தில் உண்மையான அனுதாபம் தெரிந்தது. "ரொம்ப சூசா லா, கஷ்டம்தான். அங்க ஒரு அதிகாரி இருக்காராம். லேசுல அசைய மாட்டாராம். யாராச்சும் தெரிஞ்சவங்க இருந்தா அவர்கிட்டச் சொல்லிப் பாருங்க."

"தெரிஞ்சவர்தான்," என்றாள் தவமணி. "ஆனால் சொல்லிப் பிரயோசனம் இல்லை."

இருவரும் கையெழுத்துப் போட்டு, விண்ணப்பத்தைக் கழிவுநீர்ப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அது குலசேகரத்தின் மேசைக்கு வந்தது. விண்ணப்பித்தவர் குலசேகரம், ஆய்வு செய்ய வேண்டியவர் குலசேகரம். அவருக்கு வியர்த்துவிட்டது. தெரிந்தவர்களின் விண்ணப்பத்தில் அதிகாரி தலையிடக்கூடாது என்பது அவர் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட விதி. இந்த விண்ணப்பதாரரையோ அவருக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு இலாகாத் தலைவி புவான் ஷரீஃபாவிடம் போனார். புவான் என்றால் மலாயில் அம்மையார். புவான் ஷரீஃபா தமிழர் நிறைந்த சூலியா தெருவில் பிறந்து வளர்ந்தவர். தமிழ் நன்றாகப் பேசுவார். கோபம் வந்தால் இன்னும் நன்றாகப் பேசுவார்.

"வேற கழிவுநீர் அதிகாரிக்கு நான் எங்க போறது, குலசேகரம்? இருக்கிறது நீங்க ஒருத்தர். நீங்களே பாருங்க. ஒரு சலுகையும் காட்டாம இருந்தாப் போதும்."

"நிச்சயமாகக் காட்ட மாட்டேன், புவான்," என்றார் குலசேகரம். பெரிய பாரம் இறங்கியது போல இருந்தது. சலுகை காட்டாமல் இருப்பது அவருக்குக் கைவந்த வேலை. விண்ணப்பத்தைக் குவியலின் அடியில் வைத்தார்.

இதற்கிடையில் வெள்ளிக்கிழமைகள் வந்துகொண்டுதான் இருந்தன. இயந்திரம் கெட்டுவிட்டது என்று சொல்லத் தவமணிக்கு வாய் வரவில்லை. தட்டுகளைப் பின்பக்கத்துத் தொட்டியில் கையால் தேய்த்துக் கழுவி, துடைத்து, இயந்திரத்துக்குள் அடுக்கி வைத்தாள். பெண்கள் வந்ததும் கதவைத் திறந்து காட்டினாள்.

"இப்பத்தான் ஓடி முடிஞ்சுது. கொஞ்சம் பிந்தி வந்திட்டியள்."

முன்னைவிடச் சுத்தமாக இருக்கிறது என்று எல்லோரும் வியந்தார்கள். அந்த வருஷம் அந்தத் தெருவில் இயந்திரம் இல்லாத வீடு ஏழை வீடு என்று ஆகிவிட்டது. ருக்குமணி சிங்கப்பூரிலிருந்த தம்பி மூலம் ஒன்று வரவழைத்தாள். அதற்கான தூள் கிடைக்காததால் துணி துவைக்கிற தூளைப் போட்டாள். நுரை சமையலறையைத் தாண்டி, வாசலைத் தாண்டி, சாக்கடை வரைக்கும் போயிற்று. தன் இயந்திரம் பெரிய ரகம், அதனால்தான் நுரை அதிகம் என்று அவள் விளக்கம் சொன்னாள். எதிர்வீட்டு மலாய்ப் பெண் சித்தி ஹாஜரா, பத்து பிரிங்கிக் கடற்கரையில் ஒரு ஹோட்டல் கழித்துப் போட்ட இயந்திரத்தை வாங்கினாள். அது கதவு வழியாக உள்ளே போகாததால் வாசலிலேயே நின்றது. வாசலில் நின்றதால் எல்லோர் கண்ணிலும் பட்டது. வாங்கிய நோக்கம் நிறைவேறியது. மூன்று வீட்டிலும் பெண்கள் முதலில் கையால் பாத்திரங்களைக் கழுவி, பிறகு இயந்திரத்தில் வைத்து, வெளியே எடுத்து மறுபடியும் கழுவினார்கள். வேலை மிச்சம் என்று ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொண்டார்கள்.

குவியலின் அடியிலிருந்து விண்ணப்பம் மேலே வந்த நாளில் குலசேகரம் தமது உதவியாளர் திருநாவுக்கரசுவோடு இலாகா வண்டியில் புறப்பட்டார். திருநாவுக்கரசு சாதுவான மனிதர். அதிகாரி சொல்வதெல்லாம் சட்டம் என்று நம்பி அவரிடம் தொழில் கற்றவர்.

குலசேகரம் சட்டைப்பையில் வீட்டுச் சாவி இருக்க, வாசல் மணியை அடித்தார்.

தவமணி கதவைத் திறந்தாள். "ஏன், சாவி கொண்டு போகேல்லையோ?"

"வணக்கம். கழிவுநீர்ப் பிரிவிலிருந்து வருகிறோம். வீட்டுக்காரர் இருக்கிறாரா, அம்மா?"

தவமணி அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். காலையில் தான் இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டைதான்.

"வேலைக்குப் போயிட்டார்," என்றாள்.

"எப்போது வருவார்?"

"அவர் ஒப்பிசிலை என்ன செய்யிறாரெண்டு எனக்கே தெரியாது. தெரிஞ்சால் நீங்கள் சொல்லுங்கோ. உள்ளுக்கை வாங்கோ. தேத்தண்ணி போடட்டோ?"

"கடமை நேரத்தில் பொதுமக்களிடம் எதையும் வாங்குவதில்லை."

சமையலறையிலிருந்து வடை வாசனை வந்தது. திருநாவுக்கரசு எச்சில் விழுங்கினார். குலசேகரம் இயந்திரத்தின் முன்னால் குனிந்து, தேங்கிய தண்ணீரை நெடுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"ஆய்வின்போது வீட்டுக்காரர் உடனிருந்து கையெழுத்திட வேண்டும் என்பது விதி. வீட்டுக்காரர் இல்லாதபடியால் ஆய்வு ஒத்திவைக்கப்படுகிறது."

"வீட்டுக்காரர் நீங்கள்தானே!"

"நான் இப்போது கடமையில் இருக்கிறேன், அம்மா," என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டு அவர் படியிறங்கினார்.

மாலையில் சாவியைப் போட்டுக் கதவைத் திறந்துகொண்டு வந்தவர், சட்டையைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டார்: "இண்டைக்கு ஒப்பிசிலை இருந்து ஆரோ வந்தவையாமே?"

தவமணி அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"ஓம். வந்தவை."

"முன்கூட்டி அறிவிக்காமல் வந்தால் வேலைக்குப் போற மனிசன் எப்பிடி வீட்டிலை நிக்கிறது? ஒரு யோசனை வேண்டாமோ? வந்தவர் ஆள் எப்பிடி?"

"பார்த்தால் நல்ல மனிசன் மாதிரித்தான் தெரிஞ்சுது. வேலைதான் ஒண்டும் தெரியாது."

குலசேகரம் அடுத்த வாரம் ஒரு நாள் லீவு எடுத்தார். ஆய்வுக்கு வருகிறவர்களை வரவேற்கத் தோய்த்துலர்ந்த வேட்டி கட்டிக்கொண்டு, வாசலுக்கு நேரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். காலை போயிற்று. மத்தியானம் போயிற்று. ஒருவரும் வரவில்லை. கடைசியில் அலுவலகத்துக்குப் போன் செய்தார்.

"அதிகாரி லீவு சார்," என்றார் திருநாவுக்கரசு. "அவர் இல்லாம எப்படி வர்றது?"

குலசேகரத்துக்கு வந்த கோபம் இவ்வளவு அவ்வளவல்ல. ஒரு நாள் லீவு வீண். பொதுமக்களின் நேரத்துக்கு மதிப்பே இல்லையா? அப்போதே உட்கார்ந்து, கழிவுநீர்ப் பிரிவு அதிகாரியின் பொறுப்பற்ற போக்கைக் கண்டித்துக் கடுமையான புகார் ஒன்றை எழுதித் தபாலில் சேர்த்தார். மனசுக்கு ஆறுதலாக இருந்தது.

புகார் கழிவுநீர்ப் பிரிவு அதிகாரியின் கைக்கு வந்தபோது அவர் முகம் சிவந்தது. இத்தனை வருஷ சேவையில் இப்படி ஒரு வார்த்தை அவரை யாரும் சொன்னதில்லை. இலாகா எத்தனை நெருக்கடியில் நடக்கிறது என்று வீட்டில் சாய்ந்துகொண்டு புகார் எழுதுகிறவர்களுக்கு என்ன தெரியும்? சூடாகப் பதில் எழுதினார். அந்தப் பதில் வெஸ்டர்ன் ரோட்டுக்கு வந்து சேர்ந்த அன்று அவர் இரவுச் சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

"என்ன எழுதியிருக்குது?" என்று கேட்டாள் தவமணி.

"பண்பில்லாத மனிசன்," என்றார் குலசேகரம். அவருக்கு உண்மையாகவே வலித்தது.

விஷயம் புவான் ஷரீஃபாவின் காதுக்கு எட்டியது. அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு ஒரு வழி சொன்னார்: குலசேகரம் அரை நாள் லீவில் வீட்டுக்காரராக இருக்கட்டும், அந்த அரை நாளுக்குத் திருநாவுக்கரசு அதிகாரியாகப் பொறுப்பேற்கட்டும். ஆய்வுக்குத் திங்கட்கிழமை குறிக்கப்பட்டது.

அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை ருக்குமணி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "இன்னைக்கு ஓட விட்டுப் பாத்துட்டுத்தான் போவேன்க்கா. எப்ப வந்தாலும் ஓடி முடிஞ்சிருச்சுங்கிறீங்க. ஒன்னுமில்லையே?"

மற்றப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தவமணி காது சிவக்க, கோப்பி போடுகிற சாக்கில் அவர்களைக் கூடத்துக்கு அனுப்பிவிட்டுச் சமையலறைக் கதவைச் சாத்தினாள். இயந்திரத்தின் கீழ் அடுக்கை வெளியே இழுத்தாள். தேங்கிய தண்ணீரை ஒரு மக்கால் மொண்டு ஊற்றினாள். அடியில் இருந்த வடிகட்டியை இடப்பக்கம் திருப்பினாள். அது கழன்று கையோடு வந்தது. தேங்காய்ப்பூ, புளிக்கோது, முருங்கைக்காய் நார் எல்லாம் சேர்ந்து அதில் ஓர் அப்பம் போல ஒட்டியிருந்தது. அதை வழித்துக் குப்பைக் கூடையில் போட்டு, வடிகட்டியைக் குழாயடியில் பிடித்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்தாள். உள்ளே தண்ணீரைச் சுழற்றி அடிக்கும் கைபோன்ற குழாயில் பாதித் துளைகளைக் கடுகு அடைத்திருந்தது. தலையிலிருந்த ஊசியைப் பிடுங்கி ஒவ்வொன்றாகக் குத்தி எடுத்தாள். எல்லாவற்றையும் இருந்தபடி மாட்டினாள். கோப்பி கொதித்து முடியவில்லை, இயந்திரம் தயாராகிவிட்டது.

பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். இயந்திரத்துக்குள் மழை பெய்தது. தண்ணீர் கடகடவென்று வெளியே ஓடியது. ருக்குமணி எழுந்து வீட்டுக்குப் போனாள். தவமணிக்கு அன்று முழுவதும் பாட்டுப் பாடவேண்டும் போல இருந்தது.

குலசேகரத்திடம் சொன்னபோது அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"திருத்திப் போட்டீரோ? திங்கட்கிழமை ஆய்வு!"

"அதுதான் திருந்தியிட்டுதே. வர வேண்டாமெண்டு சொல்லுங்கோ."

"பழுதை ஆய்வு செய்ய வாறவைக்குப் பழுதைக் காட்ட வேண்டாமோ? நாளைக்கு என்னைப் பொய்ப் புகார் குடுத்தவன் எண்டு சொல்லுவினம். அந்தக் குப்பையைத் திரும்ப வையும்."

"நான் வைக்க மாட்டன். வேணுமெண்டால் நீங்கள் வையுங்கோ."

ஆகவே திங்கட்கிழமை காலை, அதுவரை அரசாங்கச் சொத்தின் ஒரு திருகாணியையும் தொட்டறியாத குலசேகரம், குப்பைக் கூடையில் காய்ந்து கிடந்ததையும் சமையலறையில் புதிதாகக் கிடைத்ததையும் அள்ளி, தம் கையாலேயே வடிகட்டியில் அப்பினார். முந்தின நாள் சாப்பிட்ட தட்டுகளும், கல்யாணத்துக்கு வந்த பீங்கான் தட்டுகளும் உள்ளேயே இருந்தன. உபயோகத்தில் உள்ள இயந்திரம் என்பதற்கு அது சாட்சி என்று அவர் எண்ணினார். ஒரு குவளைத் தண்ணீரையும் ஊற்றினார். பழுது பழையபடி வந்தது. கடமையைச் செய்த நிம்மதி.

திருநாவுக்கரசு வந்தார். கழுத்தில் டை. நடையே மாறியிருந்தது.

"மிஸ்டர் குலசேகரம் நீங்கதானா?"

"என்ன திரு, என்னைத் தெரியாதா?"

"கடமை நேரத்துல எனக்கு யாரையும் தெரியாது. சார் சொல்லிக் குடுத்ததுதான்." அவர் குனிந்து, வடிகட்டியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். ஈரமான பயற்றங்காய் நுனி ஒன்று பச்சையாகவே இருந்தது. "இது இன்னைக்குக் காலையில நறுக்கின காயி. வேணும்னே அடைச்சிருக்காங்க."

"திரு, நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"எதுன்னாலும் எழுத்துல குடுங்க," என்றார் திருநாவுக்கரசு. அவர் குரலில் வெறுப்பு எதுவும் இல்லை. இருபது வருஷம் பக்கத்து மேசையிலிருந்து கேட்டுக் கேட்டு அப்படியே வந்துவிட்டது. பையிலிருந்து இலாகா நாடாவை எடுத்து இயந்திரத்தின் கதவைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி, அரக்கு வைத்து முத்திரை போட்டார். "விசாரணை முடியிற வரைக்கும் திறக்கக்கூடாது."

"உள்ளுக்கை எங்கடை தட்டெல்லாம் கிடக்குது, தம்பி!" என்று தவமணி ஓடி வந்தாள்.

"தட்டுங்களும் சாட்சிதான்க்கா," என்றார் திருநாவுக்கரசு.

அன்று மத்தியானம் லீவு முடிந்தது. குலசேகரம் மறுபடியும் அதிகாரியானார். முத்திரையை உடைக்கும் அதிகாரம் இப்போது அவரிடம்தான் இருந்தது. தவமணி கெஞ்சிப் பார்த்தாள். பிறகு கத்திப் பார்த்தாள். அவர் அசையவில்லை. முத்திரையை உடைப்பது வீட்டுக்காரருக்குச் சலுகை. சலுகை கூடாது என்பது புவானின் உத்தரவு. ஆனால் வீட்டுக்காரரைத் தண்டிப்பதில் சலுகை எதுவும் இல்லை. ஆகவே விசாரணையை அவரே நடத்தலாம்.

வீட்டில் சாப்பிடத் தட்டு இல்லை. தவமணி தோட்டத்து வாழையிலிருந்து இலை அறுத்துப் போட்டாள். கூடத்துச் சன்னல் வழியாக ருக்குமணி அதைப் பார்த்தாள். மறுநாள் சித்தி ஹாஜராவிடம் சொன்னாள்: "அக்கா வீட்டுல இப்ப எல்லாம் இலைதான். தட்ட மெஷின்ல வச்சு நாடா கட்டி, முத்திரை போட்டு வச்சிருக்காங்க. அதுதான் இப்ப ஸ்டைலு போல." அந்த வாரக் கடைசிக்குள் ருக்குமணி வீட்டு இயந்திரத்திலும் ஒரு சிவப்பு நாடா ஏறியது. தெருவில் வாழை மரம் வைத்திருந்தவர்களுக்கு மதிப்பு கூடியது.

குலசேகரம் விளக்கம் கேட்டுத் தமக்குக் கடிதம் எழுதினார். வீட்டில் உட்கார்ந்து பணிவாகப் பதிலும் எழுதினார். அலுவலகத்தில் அந்தப் பதிலைப் படித்தபோது அவருக்குத் திருப்தி ஏற்படவில்லை. பயற்றங்காயைப் பற்றி அந்த ஆள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. எதையோ மறைக்கிறான் என்று பட்டது. எத்தனை வருஷமாக மனிதர்களைப் பார்த்துவருகிறார்! கடைசியில், கடுமையாகக் கண்டிப்பது என்று முடிவு செய்தார். கண்டனக் கடிதத்தில் கையெழுத்திட்டு, எழுந்து, மேசையைச் சுற்றி இந்தப் பக்கம் வந்து நின்று, அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். சாட்சியாக நின்ற திருநாவுக்கரசு கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். விசாரணை முடிந்தது, விதிப்படி முத்திரை அகன்றது.

உள்ளே இருந்த தட்டுகளைப் பற்றி எழுதுவது நாகரிகமாக இராது.

அந்த மாதக் கூட்டத்தில் புவான் ஷரீஃபா எல்லாப் பிரிவுகளின் முன்னிலையிலும் குலசேகரத்தைப் பாராட்டினார். தன்மேலேயே நடவடிக்கை எடுத்த அதிகாரி நாட்டிலேயே இவர் ஒருவர்தான் என்றார். பலமாகக் கைதட்டினார்கள். கூட்டம் கலைந்ததும் புவான் அவரைத் தூணோரமாக அழைத்தார்.

"குலசேகரம், எங்க வீட்டு மெஷின்லயும் தண்ணி போகல. ரெண்டு மாசமாச்சு."

"ஒரு விண்ணப்பம் போடுங்கள், புவான். வரிசைப்படி..."

"அட, நம்ம இலாகாவப் பத்தி எனக்குத் தெரியாதா?" புவான் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தணித்தார். "உங்க வைஃப் கோப்பி கொதிக்கிறதுக்குள்ள சரிபண்ணிட்டாங்களாமே. அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க."

செய்தி எப்படியோ பரவிவிட்டது. இயந்திரத்தின் வடிகட்டியைக் கழற்றத் தெரிந்த ஒரே ஆள் தவமணி என்று தெரிந்ததும், வெஸ்டர்ன் ரோட்டிலிருந்து மட்டுமல்ல, கடல் தாண்டிச் சிம்பாங் அம்பாட்டிலிருந்தும் பெண்கள் வடிகட்டியைப் பழைய துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார்கள். கழற்றிக்கொண்டு வந்தவர்களுக்கு இனிக் கழுவ மட்டுமே பாக்கி என்பது அவர்களுக்கும் தோன்றவில்லை, தவமணியும் சொல்லவில்லை. முதல் சில நாள் வந்தவர்களுக்கெல்லாம் அப்போதே செய்து கொடுத்தாள். பிறகு கூட்டம் கூடியது. கூட்டம் கூடியதும் பின்வாசலில் ஒரு மேசை போட்டாள். மேசை போட்டதும் ஒரு நேரம் வைத்தாள்.

ஒரு சனிக்கிழமை குலசேகரம் பின்வாசல் கதவுக்குப் பின்னால் நின்று கவனித்தார். நீளப் பலகையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ருக்குமணி மேசைமுன் நின்றாள்.

"அக்கா, தட்டெல்லாம் அப்படியே கிடக்கு லா. ஒரு நிமிஷ வேலைதானே?"

"ஒரு நிமிஷ வேலையெண்டாலும் ஒழுங்கெண்டு ஒண்டு இருக்குதெல்லோ. உமக்கு முதல் வந்தவை இருக்கினம்."

"பக்கத்து வீடுக்கா நான்!"

"பக்கத்து வீடெண்டு பார்த்தால் சலுகை எண்டு சொல்லுவினம்." தவமணி அடுத்தவரைப் பார்த்தாள். அது புவான் ஷரீஃபா. "உங்கடை என்ன?"

"வடிகட்டி இல்லம்மா. பின்னால இருக்கிற தண்ணிக் குழாய் மடங்கியிருக்கு போல."

"குழாயோ? அது இண்டைக்கு இல்லை. இண்டைக்கு வடிகட்டி மட்டுந்தான். செவ்வாய்க்கிழமை வாங்கோ."

புவான் ஷரீஃபா தலையாட்டிவிட்டு, செவ்வாய்க்கிழமைக்கு இப்போதே இடம் பிடித்து வைக்கலாமா என்று பக்கத்திலிருந்தவரிடம் மெதுவாகக் கேட்டார்.

கதவுக்குப் பின்னால் குலசேகரத்தின் நெஞ்சு விம்மியது. இத்தனை வருஷம் இவளோடு வாழ்ந்தும் இவளைப் புரிந்துகொள்ளாமல் போனோமே என்று இருந்தது. அந்தக் குரலின் நிதானத்தை, அந்த வரிசையின் ஒழுங்கைப் பார்க்கப் பார்க்க அவருக்குக் கண் நிறைந்தது. அன்றைக்குத்தான் கணவன் மனைவிக்குள் பூரண ஒற்றுமை ஏற்பட்டது.

அதே நேரத்தில் ருக்குமணி வீட்டிலும், சித்தி ஹாஜரா வீட்டிலும், புவான் ஷரீஃபா வீட்டிலும், சிம்பாங் அம்பாட் வீடுகளிலும் எச்சில் தட்டுகள் தொட்டி நிறையக் குவிந்து கிடந்தன. குழாயில் தண்ணீர் நன்றாக வந்துகொண்டிருந்தது. சோப்பும் பக்கத்திலேயே இருந்தது. இயந்திரம் பழுதாகியிருக்கிறதே, என்ன செய்வது என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.